குறை தேடிச் சென்ற கலீபா

துன்பத்தில் சிக்கியவருக்குக் கைகொடுப்பதை இக்காலத்தில் ஒரு தனிக் கல்வியாகவே வகுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அதற்கென்று 1936ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. அத்தகைய கூடங்களில் பயின்று வெளிவருவோர், குடியால் சீரழிந்த குடும்பங்களையும், கணவன் கைவிட்ட பெண்களையும், பெற்றோரற்ற குழந்தைகளையும், முதுமையில் ஆதரவிழந்தோரையும் அவரவர் இருப்பிடம் சென்று காண்கிறார்கள். நிலையை விசாரித்து அறிகிறார்கள். வேண்டிய உதவியைப் பெற்றுத் தருகிறார்கள். சமூகப் பணி என்பது அதற்கு இட்ட பெயர்.

அன்பார்ந்த நேயர்களே! ஏழைக்குப் பத்து ரூபாயை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவர் ஏன் அந்நிலைக்கு ஆளானார் என்று நின்று கேட்பது கடினம். கேட்டறிந்தபின், அவரை அங்கே தள்ளியது நாமே வகுத்த ஏற்பாடுதான் என்பது தெரியவந்தால், அதை ஒப்புக்கொண்டு மாற்றியமைப்பது அதனினும் கடினம். அதைச் செய்துகாட்டிய ஒருவரின் வாழ்வை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களை அறியாதார் உங்களில் இரார். ஷாம், இராக், மிஸ்று ஆகிய நாடுகள் அவர்களுடைய காலத்தில்தான் இஸ்லாமிய ஆளுகைக்குள் வந்தன. அவ்வெற்றிகளைப் பாடாத வரலாற்று நூல் இல்லை; ஆகவே அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஓர் ஏழையின் கூடாரத்து வாசலில், இருளில், தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் நின்ற உமர் அவர்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

மக்காவில் குறைஷியரின் அதீ கிளையில் ஏறத்தாழ கி.பி. 584ஆம் ஆண்டில் அவர்கள் பிறந்தார்கள். தந்தை கத்தாப் மிகவும் கண்டிப்பானவர். மக்காவை அடுத்த ளஜ்னான் பகுதியில் தந்தையின் ஒட்டகங்களை மேய்ப்பது சிறுவர் உமரின் வேலை. ஓய்வு என்பதே கிடையாது. சற்றே தவறினாலும் அடி விழும். பிற்காலத்தில் கலீபாவாக அவ்வழியே சென்றபோது, அவ்விடத்தில் நின்று, அந்நாளில் தாம் பட்ட பாட்டை உடன் வந்தவர்களிடம் அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதிகாரம் வந்தபின் பழைய வறுமையை மறைக்க முற்படுவோரே உலகில் அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால், இச்சிறு செய்தியின் அருமை விளங்கும்.

இளமையில் அவர்களும் தந்தையைப் போலவே கடுமையானவர்களாக விளங்கினார்கள். முஸ்லிம்களைத் துன்புறுத்தியோரில் அவர்களும் ஒருவர். ஆயினும் அந்நாளிலேயே ஒரு நிகழ்ச்சி. முஸ்லிம்களில் சிலர் ஹபஷா நாட்டிற்கு ஹிஜ்ரத் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். ஆமிர் என்பவரின் மனைவி லைலா (ரலி) பயண மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த வேளையில் உமர் அவர்கள் அங்கே வந்து நின்றார்கள். ஊரைவிட்டே போகிறீர்களா என்று வினவினார்கள். ஆம், நீங்கள் கொடுத்த தொல்லைதான் காரணம் என்றார் அப்பெண்மணி. உமர் அவர்களின் முகத்தில் அதற்குமுன் கண்டிராத ஒரு வருத்தம் படர்ந்தது. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்ற பொருள்பட ஒரு சொல் சொல்லிவிட்டு அகன்றார்கள். அன்று மாலை லைலா இதைக் கணவரிடம் சொன்னபோது, கத்தாபின் கழுதை முஸ்லிமானாலும் உமர் முஸ்லிமாகமாட்டார் என்று அவர் சிரித்தாராம். அவர் கணக்குத் தவறிற்று. கி.பி. 616ஆம் ஆண்டளவில் உமர் அவர்கள் இஸ்லாத்தில் இணைந்தார்கள். சகோதரி பாத்திமாவின் வீட்டில் நடந்ததை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்லவில்லை.

ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் தமக்குப்பின் உமர் அவர்களை நியமித்தபோது, இத்துணைக் கடுமையானவரையா எங்கள்மீது வைக்கிறீர்கள் என்று மூத்த ஸஹாபாக்களிற் சிலரே கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்வரும் பத்தாண்டுகளும் அந்தக் கடுமைக்கும் அவர்களுடைய இரக்கத்திற்கும் இடையே நடந்த போராட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மதீனாவுக்கு வெளியே ஸிரார் என்னுமிடத்தில், குளிர் மிகுந்த ஓர் இரவில், அவர்களால் உரிமை விடப்பெற்ற அஸ்லம் உடன்வர, ஒரு நெருப்பைக் கண்டு அவர்கள் நெருங்கிய வரலாறு நம் மேடைகளிலெல்லாம் சொல்லப்படுவது. ஒரு தாய் பசித்தழும் பிள்ளைகளை ஏமாற்றித் தூங்கவைப்பதற்காக வெறும் பானையை அடுப்பேற்றியிருந்தாள். உமர் அவர்கள் மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்துவந்து, அடுப்பை ஊதிச் சமைத்து, பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். மூட்டை சுமந்ததைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறோம். நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. அந்தப் பெண், எதிரில் நிற்பவர் யாரென்று அறியாமல், எங்கள் நிலையைக் கவனிக்காத உமரை அல்லாஹ்வே விசாரிப்பான் என்று முறையிட்டாள். அவர்கள் சினக்கவில்லை, தம்மை இன்னாரென்று அறிவித்து அவளை நடுங்கவைக்கவுமில்லை. உமருக்கு உங்கள் நிலை எப்படித் தெரியும் என்று மட்டும் மெல்லக் கேட்டார்கள். தெரியாதவர் ஏன் எங்கள் பொறுப்பை ஏற்றார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் மூட்டை வந்தது. மற்றொன்று, உணவு முடிந்தவுடன் அவர்கள் புறப்பட்டுவிடவில்லை. சற்றுத் தொலைவில் இருளில் அமர்ந்திருந்தார்கள். அஸ்லம் காரணம் கேட்டதற்கு, அழுத நிலையில் கண்ட பிள்ளைகளைச் சிரித்த நிலையில் காணாமல் போக மனமில்லை என்றார்கள். பிள்ளைகள் விளையாடிச் சிரித்து உறங்கிய பின்னரே எழுந்தார்கள்.

இதனினும் ஆழமான பாடம் மற்றோர் இரவில் இருக்கிறது. வெளியூர் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் பள்ளிவாசல் திடலில் இறங்கியிருந்தது. அதற்குக் காவலாக உமர் அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்களும் விழித்திருந்தனர். ஒரு குழந்தை விடாமல் அழுதது. உமர் அவர்கள் சென்று, குழந்தையைக் கவனி என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அது ஓயாதது கண்டு, நீ என்ன தாய் என்று கடிந்து கேட்டார்கள். சலித்துப்போன அவள் உண்மையைச் சொன்னாள். பால் மறந்த குழந்தைக்கே கலீபா உதவித்தொகை தருகிறார். ஆகவே பருவம் வருமுன் பாலை மறக்கடிக்கிறேன், அது மறுக்கிறது என்றாள்.

ஏற்பாட்டைச் செய்தவர் யார்? கேட்டுக்கொண்டு நின்றவர்களேதாம்! பொதுநிதி வீணாகாதிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வகுத்த விதி அது. காகிதத்தில் அது குற்றமற்ற விதி. அது ஒரு குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்துக்கொண்டிருந்தது என்பதை, மூன்றாம் முறையும் போய்க் கேட்டதனால்தான் அவர்கள் அறிந்தார்கள். முதல் விசாரிப்போடு திரும்பியிருந்தால் அறிந்திருக்கமாட்டார்கள். அன்று சுபுஹுத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையினால் பின்னிருந்தோருக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எத்தனை குழந்தைகள் இப்படி வாடினவோ என்ற ஏக்கம் அது. தொழுகை முடிந்ததும், பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள். எல்லா மாகாணங்களுக்கும் அவ்வாறே எழுதப்பட்டது. குழந்தைக்கு ஆண்டுக்கு 100 திர்ஹம், வளர்ந்தபின் 200.

தாய் தந்தை இன்னாரென்று தெரியாமல் தெருவில் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் அதே 100 திர்ஹத்தை விதித்தார்கள். அதை எடுத்து வளர்ப்பவர் மாதந்தோறும் உணவுப் பொருள் பெற்றுக்கொள்வார். பாலூட்டும் செலவு பைத்துல்மாலைச் சார்ந்தது. அக்குழந்தையை நன்கு நடத்துமாறு தனியே உபதேசமும் செய்வார்கள். பெற்றோர் செய்த பிழைக்குப் பிள்ளையின் பங்கில் ஒரு திர்ஹமும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உதவித்தொகைப் பதிவேடுகளை அவர்கள் ஏற்படுத்தியது ஹிஜ்ரி 20ஆம் ஆண்டில் (கி.பி. 641) என்பர், 15ஆம் ஆண்டில் என்போரும் உளர். ஒருவருக்கு மாதம் எவ்வளவு தானியம் வேண்டும் என்பதைக்கூட அவர்கள் ஊகத்தில் முடிவு செய்யவில்லை. ஜரீப் என்பது அக்காலத்துத் தானிய அளவு. ஒரு ஜரீப் மாவைப் பிசைந்து, ரொட்டி சுட்டு, எண்ணெயில் பிய்த்துப் போட்டு, முப்பது பேரை அழைத்து உண்ணச் செய்தார்கள். அனைவருக்கும் வயிறு நிரம்பியது. மாலையிலும் அவ்வாறே மற்றொரு ஜரீபைச் சமைத்துப் பார்த்தார்கள். இரண்டு வேளைக்கு இரண்டு ஜரீப் முப்பது பேருக்குப் போதுமெனில், ஒருவருக்கு ஒரு மாதத்திற்கும் அதுவே போதும் என்று கணக்கிட்டு, ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு ஜரீப் என்று வகுத்தார்கள். மதீனாவில் மாவு வீடு என்று ஒன்றை அமைத்து, மாவும் பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் நிரப்பிவைத்தார்கள். வழியில் பொருளின்றித் தவிக்கும் பயணி அங்கே வந்து பெற்றுக்கொள்ளலாம். மக்கா மதீனா பாதையிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது.

குஸாஆ கூட்டத்தாரின் பதிவேட்டைத் தாமே சுமந்து குதைத் என்னும் ஊருக்குச் செல்வார்கள். மணமான பெண்ணாயினும் மணமாகாப் பெண்ணாயினும் ஒருவர் விடாமல் வந்து, அவர்கள் கையிலிருந்தே தம் பங்கைப் பெறுவர். பிறகு உஸ்பான் சென்று அங்கும் அவ்வாறே வழங்குவார்கள். மறைவு வரை இவ்வழக்கத்தை அவர்கள் விடவில்லை. ரமளானின் கடைசிப் பத்தில் செல்வர் வீட்டு வாசலில் ஏழைப் பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குதைத் நினைவு வருகிறது. அங்கே நடந்து சென்றவர் கொடுப்பவர்; பெறுபவர் அல்லர்.

போர்முனைக்குச் சென்றவர்களின் மனைவியர் படும் துயரத்தையும் இரவுச் சுற்றே அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. ஒரு வீட்டினுள்ளிருந்து, கணவன் பிரிந்து நெடுநாளாகிவிட்ட பெண் ஒருத்தி தன் தனிமையைச் சொல்லிப் பாடுவதைக் கேட்டார்கள். இது ஆண்கள் கூடி ஆலோசித்து முடிவு செய்யும் காரியமன்று என்று உணர்ந்து, தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் எவ்வளவு காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். தந்தை மகளிடம் கேட்கக் கூசும் கேள்விதான். ஹப்ஸா (ரலி) அவர்கள் நாணித் தலை குனிந்தார்கள். எனினும் விடை கிடைத்தது. நான்கு மாதம் என்பது ஓர் அறிவிப்பு. ஆறு மாதம் என்பது மற்றொன்று. அதற்குமேல் எந்தப் போர்வீரரையும் வீட்டைப் பிரித்து வைக்கலாகாது என்று தளபதிகளுக்கு ஆணை பறந்தது.

இவ்வுதவிகளெல்லாம் முஸ்லிம்களுக்கு மட்டுமோ என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கலாம். இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜில் எழுதியதைச் சொல்லுங்கள். கண்பார்வை இழந்த முதியவர் ஒருவர் ஒரு வாசலில் நின்று யாசிப்பதை உமர் அவர்கள் கண்டார்கள். விசாரித்ததில் அவர் யூதர் என்றும், ஜிஸ்யா வரியும் தேவையும் முதுமையும் சேர்ந்து இந்நிலைக்குக் கொண்டுவந்தன என்றும் தெரிந்தது. கைபிடித்துத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று இருப்பதைக் கொடுத்தார்கள். அதோடு முடித்திருந்தால் அது தர்மம். பைத்துல்மால் பொறுப்பாளரை அழைத்து, இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று உணர்த்தி, அவருக்கும் அவர் போன்றோர் அனைவருக்கும் வரியை நீக்கி நிதியிலிருந்து உதவி தரச் செய்தார்கள். ஷாமில் ஜாபியா செல்லும் வழியில் குஷ்டம் பீடித்த கிறிஸ்தவர்களைக் கண்டபோதும், அவர்களுக்குத் தர்ம நிதியிலிருந்து கொடுக்கவும் தொடர்ந்து உணவளிக்கவும் ஆணையிட்டார்கள்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) வந்தது. அரபு நாட்டில் மழை பொய்த்தது. காற்று வீசினால் மண் சாம்பலாய்ப் பறந்தது. சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயராயிற்று. பாலைவனத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மதீனாவை நோக்கி வந்து, ஊரைச் சுற்றித் தங்கினர். உமர் அவர்கள் ஊரின் ஒவ்வொரு புறத்திற்கும் ஒருவரை நியமித்தார்கள். மிஸ்வர் இப்னு மக்ரமா, அப்துல்லாஹ் இப்னு உத்பா ஆகியோர் அவர்களில் அடங்குவர். பகலெல்லாம் அவர்கள் அந்தந்தப் புறத்தில் பணி செய்வர். மாலையில் கலீபாவிடம் கூடி, கண்டது, கேட்டது, குறைந்தது அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்வர். ஓர் இரவு உண்டவர்களை எண்ணச் செய்தார்கள்; ஏழாயிரம் பேர். வந்து உண்ண இயலாத பெண்டு பிள்ளைகளையும் நோயாளிகளையும் எண்ணச் செய்தார்கள், நாற்பதாயிரம். சில நாட்களில் இவை பத்தாயிரமும் ஐம்பதாயிரமுமாயின என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். வராதவர்களையும் எண்ண வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் அப்பணியின் உயிர். பந்திக்கு வந்தவரை எண்ணுவது எவராலும் ஆகும்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்நாளில் கண்ட காட்சி ஒன்று. உமர் அவர்களின் முதுகில் இரண்டு பைகள். கையில் எண்ணெய்க் குடுவை. அஸ்லமும் அவர்களும் மாறி மாறிச் சுமந்தனர். அபூஹுரைராவும் தோள்கொடுக்க, மூவரும் ஊருக்கு வெளியே சென்றனர். அங்கே முஹாரிப் குலத்தைச் சேர்ந்த இருபது குடும்பங்கள். செத்த பிராணியின் தோலைச் சுட்டும், எலும்பைப் பொடியாக்கியும் தின்றுகொண்டிருந்தனர். கலீபா மேலாடையைக் களைந்து வைத்துவிட்டுத் தாமே சமைக்க அமர்ந்தார்கள். எல்லோரும் உண்டபின் ஒட்டகங்களை வரவழைத்து அவர்களை மதீனாவுக்கு அருகே குடியேற்றி ஆடையும் அளித்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாம் என்று விலக்கி, வெறும் எண்ணெயையே உண்டதனால் அவர்களுடைய நிறமே கறுத்துவிட்டது. அவ்வாண்டில் ஜகாத் வசூலிக்க ஆட்களை அனுப்பவில்லை. மறுமழை கண்ட பின்னரே அனுப்பினார்கள். இரண்டாண்டுப் பங்கையும் வாங்கச் சொல்லி, அதில் ஒன்றை அந்தந்த ஊர் ஏழைகளுக்கே பங்கிடவும் மற்றொன்றை மட்டும் மதீனாவுக்குக் கொண்டுவரவும் பணித்தார்கள். ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டித் துஆச் செய்ததும், மழை பொழிந்ததும் நீங்கள் அறிந்தவை. மழை வந்ததும் அம்மக்களைத் தம் ஊர் திரும்ப வழிச் செலவும் வாகனமும் கொடுத்து அனுப்பினார்கள்.

பஞ்ச ஆண்டில் திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனையை நிறைவேற்றவில்லை. மற்றொரு சமயம், ஹாதிப் குடும்பத்து அடிமைகள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், தண்டனைக்கு உத்தரவும் ஆகிவிட்டது. அப்போதுதான் உமர் அவர்களுக்கு ஒன்று தோன்றியது. இவர்களை எசமானர் பட்டினி போட்டிருக்கிறார்! ஒட்டகத்தின் விலை என்ன என்று உரியவரிடம் கேட்டார்கள். 400 திர்ஹம் என்றார். 800 திர்ஹம் கொடு என்று எசமானருக்குத் தீர்ப்பாயிற்று, அடிமைகள் தப்பினர். திருடனைப் பிடித்தபின் அவனைத் திருடனாக்கியவனையும் தேடிய தீர்ப்பு என இதைச் சொல்லலாம். இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது.

வறுமைத் துன்பத்திற்கு மாவு மூட்டை போதும். மனத் துன்பத்திற்கு அது போதாது. ஷாமிலிருந்து மதீனாவுக்கு வந்துபோகும் வீரர் ஒருவரை நெடுநாளாகக் காணவில்லை. விசாரித்தபோது, அவர் குடியில் வீழ்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். உமர் அவர்கள் எழுத்தரை அழைத்து அவருக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தார்கள். அதில் மிரட்டல் இல்லை. பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனும், கடுமையாகத் தண்டிப்பவனுமான அல்லாஹ்வைப் பற்றிய திருவசனம் ஒன்று மட்டும் இருந்தது. பிறகு கூடியிருந்தோரிடம் அவருக்காகத் துஆச் செய்யச் சொன்னார்கள். அவர் அக்கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, அழுது, குடியை விட்டார். செய்தி வந்ததும் உமர் அவர்கள் தோழர்களுக்குச் சொன்ன அறிவுரை இது: வழுக்கி விழுந்தவனைத் தூக்கி நிறுத்துங்கள், அவனை ஏசி ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்ற கருத்துடையது. நம் மஹல்லாவில் ஒரு பையன் குடிக்கிறான் என்று தெரிந்தால் நாம் முதலில் செய்வது என்ன? அவன் வீட்டுச் சம்பந்தத்தைத் தடுத்து நிறுத்துவது!

ஒருவர் தம் பொறுப்பிலிருந்த பெண்ணை மணம் பேச வந்தவர்களிடம், அவள் முன்பொரு முறை தவறிழைத்து மனம் திருந்தியதைச் சொல்லிவிட்டார். செய்தி உமர் அவர்களுக்கு எட்டியபோது அடிக்கும் அளவுக்குக் கோபம் வந்தது. அல்லாஹ் மறைத்ததைத் திறந்துகாட்ட நீ யார் என்று அவரைக் கண்டித்தார்கள்.

இத்துணை நுண்ணிய உள்ளம் படைத்த அவர்களும் தவறினார்களா? தவறினார்கள்; அதை மறைத்தால் நான் அவர்களுக்கு நீதி செய்தவனாகமாட்டேன். ஓர் இரவு, ஒரு வீட்டினுள் மது அருந்தும் ஓசை கேட்டு, சுவரேறிக் குதித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் அஞ்சவில்லை. நான் செய்தது ஒரு பாவம். நீங்கள் துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை, ஆக மூன்று என்று எண்ணிக் காட்டினார். உமர் அவர்கள் வாதாடவில்லை, திரும்பிவிட்டார்கள். பிறர் துன்பம் துடைக்கப் புறப்படுவோர் பிறர் வீட்டுக் கதவை எதுவரை திறக்கலாம் என்ற எல்லையை, அன்று ஒரு குடிகாரரின் வாயிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று கேட்கவே வேதனையானது. கணவன் வெளியூரிலிருக்க, ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஆடவர் வந்துபோவதாகப் பேச்சு எழுந்தது. உமர் அவர்கள் அவளை அழைத்துவர ஆளனுப்பினார்கள். அவள் கருவுற்றிருந்தாள். உமர் அழைக்கிறார் என்றதும் நடுங்கிப்போய், வரும் வழியிலேயே வலி கண்டு பிரசவித்துவிட்டாள். குழந்தை இருமுறை அழுது இறந்துவிட்டது. கூடியிருந்த ஸஹாபாக்கள், தாங்கள் ஒழுக்கம் பேணக் கடமைப்பட்டவர், தங்கள்மீது குற்றமில்லை என்றனர். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மட்டும் பேசாதிருந்தார்கள். உமர் அவர்கள் வற்புறுத்திக் கேட்டதும், இவர்கள் சொன்னது தவறு. அச்சுறுத்தியவர் தாங்கள், குழந்தைக்குரிய இழப்பீடு தங்களைச் சாரும் என்றார்கள். உமர் அவர்கள் அதை ஏற்று, அவ்விழப்பீட்டைத் தம் குலத்தாரிடையே பங்கிட்டு வசூலிக்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். புகழ்ந்தவர் பலர் சூழ்ந்திருக்க, வாய்மூடியிருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்களே, அதற்கு எத்தனை துணிவு வேண்டும்!

ஆட்சியின் இறுதியில் அவர்களுக்கு ஒரு கவலை வந்தது. தொலைவிலுள்ள மக்களின் குறைகள் தம்மை வந்தடைவதில்லை. அதிகாரிகள் அனுப்புவதில்லை, மக்களால் வர முடிவதில்லை. ஆகவே ஓராண்டு முழுவதும் நாடு சுற்றுவது, ஷாமில் இரண்டு மாதம், மிஸ்றில் இரண்டு மாதம், கூபாவிலும் பஸ்ராவிலும் இரண்டிரண்டு மாதம் என்று ஒவ்வோரிடத்திலும் தங்கிக் குறை கேட்பது என எண்ணினார்கள். இராக்கின் கைம்பெண்கள் தமக்குப்பின் எந்த மனிதரையும் எதிர்பார்க்க வேண்டாத நிலையை ஏற்படுத்திவிட்டே போவேன் என்றும் கூறினார்கள். அதைக் கூறி நான்கு நாட்கள்தாம் சென்றன.

முஙீரா (ரலி) அவர்களின் அடிமை அபூலுஃலுஆ, எசமானர் தன்னிடம் கேட்கும் அன்றாடத் தொகை அதிகம் என்று முறையிட்டு வந்திருந்தான். அவன் தச்சு, கொல்லு, செதுக்குவேலை மூன்றும் அறிந்தவன். இத்தனை தொழில் தெரிந்தவனுக்கு இத்தொகை அதிகமன்று என்று உமர் அவர்கள் சொல்லிவிட்டார்கள். எசமானரிடமும் அவனுக்காகப் பேசவே அவர்கள் எண்ணியிருந்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அவன் அதை அறியவில்லை. ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதக் கடைசியில் (கி.பி. 644 நவம்பர்) சுபுஹுத் தொழுகையில் நின்றவர்களை அவன் கத்தியால் குத்தினான்.

படுக்கையில் கிடந்தபடியே அவர்கள் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். 86,000 திர்ஹம் அளவில் இருந்தது. முதலில் தம் குடும்பத்தார் சொத்திலிருந்தும், போதாவிடில் அதீ குலத்தாரிடமும், அதுவும் போதாவிடில் குறைஷியரிடமும் பெற்று அடைக்குமாறும், அவர்களைக் கடந்து வேறெவரிடமும் போகவேண்டாமென்றும் பணித்தார்கள். அதற்காக மதீனாவில் பள்ளிவாசலை அடுத்திருந்த அவர்களுடைய வீடு விற்கப்பட்டது. உமரின் கடனை அடைத்த வீடு என்று மக்கள் அதைக் குறிப்பிட்டனர்; நாளடைவில் தாருல் கழா, அதாவது கடன் தீர்த்த வீடு என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.